வண்டியில் பெட்ரோல் கேன், தண்ணீர் கேன்: என்ன தொல்லையோ அங்கே பாருங்கள்

என்னிடம் இரண்டு வண்டி. தோட்டத்துக்கு ஓட ஒரு டீசல் பிக்கப், வீட்டாரோடு வெளியூர் போக ஒரு பெட்ரோல் கார். தோட்டத்தில் கரண்ட் போனால் ஓட்ட டீசல் ஜெனரேட்டர், புல் வெட்ட பெட்ரோல் மெஷின். இரண்டுக்கும் ஊரிலிருந்துதான் பிடித்துப் போக வேண்டும். ஆக, வாரத்தில் இரண்டு நாளாவது கேனோடுதான் பயணம். கேனால் வரக்கூடிய தொல்லைகளில் பெரும்பாலானவை எனக்கு வந்துவிட்டன.

முழுசாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வண்டியில் இப்போது என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது

ஓரங்கட்டுங்கள். எஞ்சினை அணைத்து, எல்லோரையும் இறக்கி, நான்கு கதவையும் டிக்கியையும் கையால் திறந்துவிடுங்கள். வாடை போகட்டும் என்று ஏ.சி.யையும் ஃபேனையும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக்கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, கால் வைக்கும் இடத்திலும் ஸ்டெப்னி குழியிலும் தண்ணீர் மாதிரி தேங்கும். காற்றில் வெறும் 1.4 சதவீதம் ஆவி கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால் ஜன்னலை இரண்டு அங்குலம் இறக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். கதவு திறந்தால்தான் கீழே தேங்கியது வெளியே வழியும்.

அப்புறம் கேனை வெளியே எடுத்து நிழலில் வைத்துவிட்டு, அது இருந்த இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் கேன்தான் கசிகிறது. ஈரம் இல்லை, வாடை மட்டும் என்றால் மூடி சரியாக உட்காரவில்லை. வண்டியில் கேனே இல்லாமல் வாடை வந்தால் அது வண்டியின் டியூப், டேங்க் சமாச்சாரம். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள். மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

ஒரு தடவை வால்பாறைக்குப் போனோம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவிலேயே என் அக்கா மகள் வாந்தி. மலைப்பாதை என்றால் அப்படித்தான் என்று எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தோம். பதினைந்தாவதில் அக்காவுக்குத் தலைவலி. இருபதில் எனக்கும். வண்டியை நிறுத்தி டிக்கியைத் திறந்தால், முந்தின நாள் புல் மெஷினுக்கு வாங்கி மிச்சமான அரை லிட்டர் பெட்ரோல், ஒரு தண்ணீர் பாட்டிலில், மூடி பாதி கழன்று, பெட்ஷீட் மேல் சாய்ந்து கிடக்கிறது. டிக்கி தனி அறை, அங்கே வைத்தால் உள்ளே வராது என்று பலரும் நினைக்கிறார்கள். பின்சீட்டின் இடுக்கு வழியாக எல்லாம் வரும். பின்கதவு மேலே தூக்கும் கார்களில் டிக்கியும் உள்ளறையும் ஒன்றேதான்.

சிந்தியதை எடுக்க மரத்தூள் அல்லது காய்ந்த மணலைத் தூவி, உறிஞ்சியதும் அள்ளி, வெட்டவெளியில் பரப்பி உலரவிடுங்கள். குப்பைத்தொட்டியில் போட வேண்டாம். யாராவது அதில் தீக்குச்சியைப் போடுவார்கள். பிறகு சமையல் சோடாவைத் தூவி ஒரு இரவு விட்டு, மறுநாள் சோப்புத் தண்ணீர். வாடையை மறைக்க சென்ட் ஸ்ப்ரே அடிப்பது வேண்டவே வேண்டாம். அதுவும் எரியும் பொருள்தான். டீசல் சிந்தினால் ஆபத்து குறைவு, தொல்லை அதிகம். பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும், டீசல் போகாது. கார்ப்பெட்டைக் கழற்றித்தான் துவைக்க வேண்டும், அதுவும் இரண்டு மூன்று தடவை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மூடிய காருக்குள் பெட்ரோல் கேன் குடியிருக்கக் கூடாது. விருந்தாளி மாதிரி வர வேண்டும், வேலை முடிந்ததும் போய்விட வேண்டும். நம் நெடுஞ்சாலைகளில் பங்க்குக்குப் பஞ்சமில்லை. மணாலியிலிருந்து லேவுக்குப் போகும் வழியில் டாண்டி என்ற ஊரில் ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ என்று பலகை வைத்திருந்தார்களே, அந்த மாதிரிப் பாதைக்குப் போகிறவர்கள் கேன் எடுத்துப் போவதில் அர்த்தம் இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து மதுரைக்குப் போக எதற்கு?

கேன் உப்பிக்கிடக்கிறது

மூன்று காரணம் இருக்கலாம்: விளிம்பு வரை நிரப்பியது, வெயில், மலை.

பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ ஒரு சதவீதம் விரியும். காலையில் 25 டிகிரியில் 20 லிட்டர் பிடித்தீர்கள், மத்தியானம் பிக்கப்பின் பின்னால் வெயிலில் அது 55 டிகிரிக்குப் போனது என்றால், உள்ளே 600 மில்லி கூடிவிடும். அதற்கு இடம் வேண்டுமே! அதோடு ஆவியின் அழுத்தமும் சேரும். ஜெர்ரி கேன் என்று சொல்கிறோமே, அது 1930களில் ஜெர்மன் ராணுவத்துக்காகச் செய்த 20 லிட்டர் இரும்புக் கேன். பக்கவாட்டில் பெருக்கல் குறி மாதிரி அழுத்திய பள்ளம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அழகுக்கு அல்ல, தகட்டுக்கு உறுதி, விரியும்போது நெகிழவும் வழி. கைப்பிடிக்குக் கீழே எண்ணெய் ஏறாத காற்றறை ஒன்றும் உண்டு. அதனால்தான் நிரம்பிய கேனும் தண்ணீரில் மிதக்கும். மேலே மூன்று கைப்பிடி: ஒருவர் தூக்க நடுப்பிடி, இருவர் தூக்க ஆளுக்கொரு ஓரப்பிடி. எதிராளியின் இந்தக் கேனைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர்கள், ஜெர்மானியருக்குத் தாங்கள் வைத்திருந்த பட்டப்பெயரான ‘ஜெர்ரி’யைச் சேர்த்து அப்படியே நகலெடுத்தார்கள்.

பிளாஸ்டிக் கேனில் இந்த வசதி எதுவும் இல்லை. நாம்தான் இடம் விட வேண்டும். 20 லிட்டர் கேனில் 18 லிட்டரோடு நிறுத்துங்கள்.

மலை விஷயம் பலருக்குத் தெரியாது. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் தாண்டியதும் பலூன் மாதிரி ஆகும் அல்லவா? ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கேனுக்குள் இருப்பது கீழே அடைத்த காற்று, அது வெளியே தள்ளும்.

உப்பிய கேனைத் திறக்கும் முறை: நிழலில், தரையில், நேராக நிமிர்த்தி வையுங்கள். ஈரத்துணி போர்த்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். முகத்தை விலக்கிக்கொண்டு மூடியைக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். ‘உஸ்’ஸென்று வருவது வரட்டும், சத்தம் அடங்கிய பிறகு மீதியைத் திருப்பலாம். சோடா பாட்டிலைத் திறக்கிற பொறுமை போதும். அந்த நேரத்தில் பத்தடிக்குள் வண்டி எஞ்சின் ஓடக்கூடாது, அடுப்பு எரியக்கூடாது.

கேன் ஒடுங்கிப் போயிருக்கிறது

மேலே சொன்னதற்கு நேர்மாறு. மலையில் திறந்து மூடிவிட்டுக் கீழே இறங்கினால், அல்லது மத்தியானம் மூடிய கேன் இரவில் குளிர்ந்தால் இப்படி ஆகும். மூடியைத் திறந்து மூடினால் தீர்ந்தது. ஒரே இடத்தில் அடிக்கடி மடிந்து வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அந்த இடம்தான் நாளை கிழியும். அந்தக் கேனுக்கு ஓய்வு கொடுங்கள்.

மூடியில் கசிவு

நூற்றுக்குத் தொண்ணூறு தடவை வாஷர்தான். மூடியைத் திருப்பிப் பாருங்கள்: உள்ளே இருக்கும் ரப்பர் வட்டத்தில் வெடிப்பு, தட்டையான தடம், மண் துகள் இருக்கிறதா? மண் என்றால் துடைத்துவிட்டுப் போகலாம். வெடிப்பு என்றால் மாற்ற வேண்டும்.

மாற்றும்போது எல்லோரும் செய்கிற வேலை, பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போடுவது. நானும் போட்டேன். முதல் நாள் ஒரு சொட்டுக் கசியவில்லை, பெருமையாக இருந்தது. நாலாம் நாள் திறந்தால் வாஷர் அப்பளம் பொரிந்த மாதிரி ஊதி, நெளிந்து, விரலால் அழுத்தினால் கொழகொழவென்று இருக்கிறது. சைக்கிள் டியூப் ரப்பர் பெட்ரோலை உறிஞ்சி வீங்கும். தண்ணீர் கேனுக்கு அது தாராளமாகப் போதும். பெட்ரோல், டீசலுக்கு நைட்ரைல் ரப்பர் வேண்டும். ஆட்டோ ஸ்பேர் கடையில் ‘பெட்ரோலுக்குத் தாங்குற வாஷர்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது வாஷருக்கு மாற்று ஆகாது. கசிவை நிறுத்துவது வாஷர்தான், மரை அதை அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவே.

தகட்டில் ஊசித் துளையாகக் கசிந்தால், வழியில் அவசரத்துக்குத் துணி துவைக்கும் பார் சோப்பை எடுத்து ஓட்டையில் அழுத்தித் தேயுங்கள். பழைய லாரி டிரைவர்கள் டேங்குக்குச் செய்கிற வைத்தியம் இது. சோப்பு பெட்ரோலில் கரையாது, கொஞ்ச தூரம் தாங்கும். தண்ணீர் கேனில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பங்க்கில் கேனில் தர மறுக்கிறார்கள்

அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பதற்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு உரிமம் இல்லாமல் ஒருவர் வைத்திருக்கக்கூடிய பெட்ரோல் 30 லிட்டர். அதுவும் எதில்? கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம் என்றால் ஒன்று 1 லிட்டருக்கு மிகாமல், உலோகம் என்றால் ஒன்று 25 லிட்டருக்கு மிகாமல், இறுக மூடியது. அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் கிடையாது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினால் பங்க் பையன் தலையை ஆட்டுவது இதனால்தான். இதற்கு மேல் பாட்டிலிலும் கேனிலும் விற்க ஊருக்கு ஊர் கெடுபிடி வருவதும் உண்டு. நல்ல இரும்புக் கேனும், எதற்கு என்று சொல்ல ஒரு காரணமும் இருந்தால் பல இடங்களில் பிரச்சினை வராது.

டீசல் வேறு வகுப்பு. 23 டிகிரிக்குக் கீழேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடுவது ஏ வகுப்பு, பெட்ரோல் அதில் வருகிறது. டீசல் பி வகுப்பு. அதற்கு வரம்பு மிகவும் தாராளம். விவசாயிகள் பைக்கில் டீசல் கேனைக் கட்டிக்கொண்டு போவது சகஜமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிரப்பும்போது ‘டிக்’ என்று பொறி மாதிரி அடித்தது

நிலைமின்சாரம். கேன் எங்கே இருந்தது? காரின் கார்ப்பெட் மேலா, பிக்கப்பில் விரித்த பிளாஸ்டிக் ஷீட் மேலா? பெட்ரோல் வேகமாகப் பாயும்போது கேனில் மின்னூட்டம் சேரும். தரையைத் தொட வழியில்லாவிட்டால் நாசில் பக்கத்தில் வரும்போது பாயும். செல்போனைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், நான் அதைவிட இதற்குத்தான் பயப்படுவேன்.

கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். நாசில் கேனின் வாயைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். மெதுவாகப் பிடிக்கச் சொல்லுங்கள். நடுவில் காருக்குள் உட்கார்ந்து எழுந்து வராதீர்கள். சீட் துணியில் உரசி நம் உடம்பிலும் மின்னூட்டம் ஏறும்.

ஊற்றினால் குபுக் குபுக் என்று சிந்துகிறது

கேனைப் பிடிக்கும் முறையில்தான் தப்பு. வாய் ஓரத்தில் இருக்கும் கேனை, வாய் மேல்பக்கமாக இருக்கும்படி சாயுங்கள். எண்ணெய் கீழ்பாதியில் வரும், காற்று மேல்பாதியில் உள்ளே போகும், குபுக் வராது. பார்க்கத் தலைகீழாகத் தோன்றும்; ஒரு தடவை தண்ணீரை வைத்துப் பழகிப் பாருங்கள்.

புனலுக்காகத் தண்ணீர் பாட்டிலை வெட்டுகிறோம், சரி. ஆனால் இப்போதைய கார்களின் டேங்க் வாயில் ஒரு தகட்டுக் கதவு இருக்கும். வெட்டிய பாட்டிலின் குட்டைக் கழுத்து அதைத் தள்ளாது, பாதி வெளியே வழியும். நீண்ட மூக்குள்ள புனலைக் கேனோடு கட்டியே வையுங்கள். பைக்கில் ஊற்றுவதானால் எஞ்சினும் சைலன்சரும் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். வழிந்ததைத் துடைத்து, உலர்ந்த பிறகே ஸ்டார்ட்.

கேனிலிருந்து ஊற்றியபின் வண்டி திக்குகிறது, இழுவை இல்லை

இதுதான் பெரிய தலைப்பு. எது என்று கண்டுபிடிக்கக் கேனில் மிச்சம் இருப்பதில் கொஞ்சத்தைச் சுத்தமான கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, அசைக்காமல் ஒரு மணி நேரம் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

அடியில் முத்து முத்தாக உருண்டு நின்றாலோ, தனியாக ஒரு கோடு தெரிந்தாலோ தண்ணீர். டீசல் வண்டியில் ஃபில்டருக்கு அடியில் ஒரு திருகு இருக்கும். கீழே ஒரு டப்பாவைப் பிடித்துத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் வரும், அப்புறம் டீசல் வரும்; டீசல் வந்ததும் இறுக்கிவிடலாம். பல வண்டிகளில் இதற்கென்று டேஷ்போர்டில் விளக்கே எரியும். அதைப் பார்த்தும் ஓட்டினால் பம்ப்பும் இன்ஜெக்டரும் போகும், செலவு பெரிய தொகை. பெட்ரோல் காரில் அப்படித் திருகு கிடையாது, டேங்கைத்தான் வடிக்க வேண்டும்.

தண்ணீர் எப்படி வந்தது என்பீர்கள். மழையில் மூடி வழியாக, அல்லது பாதி காலியான கேனில் இரவுக் குளிரில் வேர்த்து. இப்போது பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. ஓரளவு தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். மேலே நிற்பது வீரியம் குறைந்த பெட்ரோல், கீழே நிற்பது எஞ்சினுக்கு ஆகாத கலவை. பழைய காலத்தில் ஆறு மாதம் கேனில் கிடந்த பெட்ரோலையும் ஊற்றி ஓட்டினார்கள். இப்போது நான் ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. பிடித்த தேதியைக் கேன் கைப்பிடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதி, மாதம் முடியும்போது கார் டேங்கில் ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடிக்கிறேன்.

அடியில் செந்நிறப் பொடி படிந்தால் கேனின் உட்பக்கத் துரு. கேன் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பாக, தொட்டால் வழவழப்பாக வந்தால் டீசலில் வளரும் கிருமி. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் வளரும். அதை வடிகட்டி உபயோகிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

பாட்டிலில் எல்லாம் சுத்தமாகத் தெரிகிறது, ஆனாலும் வண்டி திக்குகிறதா? ஊற்றியது சரியான எரிபொருள்தானா? இரண்டு கேனும் ஒரே மாதிரி இருந்தால் இது நடந்தே தீரும். டீசல் வண்டியில் பெட்ரோல் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் சாவியையே திருப்பாதீர்கள். டீசல் பம்ப்புக்கு டீசல்தான் மசகு. பெட்ரோல் போனால் உலோகத்தோடு உலோகம் உரசித் தூள் கிளம்பும். சாவியைப் போட்டாலே சில வண்டிகளில் டேங்கிலிருந்து பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். தள்ளி ஓரமாக நிறுத்தி, டேங்கை வடிக்க ஆள் கூப்பிடுங்கள். புல் மெஷினுக்கு ஆயில் கலந்து வைத்த பெட்ரோல் கொஞ்சம் காரில் போய்விட்டால் பெரிய ஆபத்தில்லை, புகை வரும். ஆனால் அதையே பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு புது எதிரி இருக்கிறது. பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டிகள் பலவற்றுக்கு டெஃப் என்ற யூரியாக் கரைசல் வேண்டும். 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். பார்வைக்கு நிறமில்லாமல் சாதாரணத் தண்ணீர் மாதிரியே இருக்கும், வருவதும் அதே மாதிரிக் கேனில். அதை டீசல் டேங்கில் ஊற்றினவர்களும் உண்டு, ரேடியேட்டரில் ஊற்றினவர்களும் உண்டு. ஒரு சொட்டைத் தகட்டில் விட்டுக் காயவையுங்கள். வெள்ளைப் படிகமாகப் பூத்தால் டெஃப்.

என் வீட்டில் தண்ணீருக்கு நீலம், பெட்ரோலுக்குச் சிவப்பு, டீசலுக்கு மஞ்சள். நிறம் மட்டும் போதாது என்று மேலே பெயின்ட்டால் பெரிதாக எழுதியும் வைத்திருக்கிறேன். இருட்டில் டார்ச் பிடித்துக்கொண்டு ஊற்றும்போது நிறம் ஏமாற்றும்.

டியூப் வைத்து உறிஞ்சும்போது வாயில் பெட்ரோல் போய்விட்டது

துப்புங்கள், தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். விழுங்கிவிட்டாலும் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வயிற்றில் இருப்பதைவிட அது திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் இறங்குவதுதான் ஆபத்து. இருமல் நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரி. கைப்பம்ப் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கிக் கேனோடு போட்டு வையுங்கள். வாயால் உறிஞ்சுவதில் என்ன வீரம் இருக்கிறதோ தெரியவில்லை.

கேன் தண்ணீரில் வாடை, பாசி

பிளாஸ்டிக் வாடை மட்டும் என்றால் வெயில்தான் காரணம். பூட்டி வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். மெல்லிய ஒரு லிட்டர் பாட்டில்கள் வாரக்கணக்கில் அந்தச் சூட்டில் கிடக்க வேண்டியவை அல்ல. அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்ட கெட்டியான, உணவுத் தரக் கேன் வாங்குங்கள். சீட்டுக்குப் பின்னால், தரையில், கோணிச்சாக்கு சுற்றி வையுங்கள். சாக்கு வெளிச்சத்தையும் மறைக்கும். பாசிக்கு வேண்டியது வெளிச்சம். அது கிடைக்காவிட்டால் வளராது.

பாசி பிடித்துவிட்டதா? ஒரு கைப்பிடி கல்லுப்பு, ஒரு கைப்பிடி சின்னச் சரளைக்கல், ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி மூடிக் குலுக்குங்கள். கை நுழையாத மூலையெல்லாம் தேய்ந்துவிடும். அலசியபின் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வாசனை சேர்க்காத பிளீச் திரவம் கலந்து, உள்பக்கம் முழுவதும் படும்படி ஆட்டி, அரை நிமிடம் விட்டுக் கொட்டிவிட்டு, கவிழ்த்துக் காயவையுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரைப் பிடித்து வைத்தால் சப்பென்று இருக்கும். அதற்கு டீ ஆற்றுவது மாதிரி இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஆற்றினால் ருசி திரும்பும். வண்டித் தண்ணீரை நான் ஞாயிறுதோறும் செடிக்கு ஊற்றிவிட்டு மாற்றுகிறேன்.

தண்ணீரில் பெட்ரோல் வாடை வந்தால் கதையே வேறு. இரண்டு கேனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தனவா? மூடி இறுக்கமாகவே இருந்தாலும் பெட்ரோல் ஆவி பிளாஸ்டிக் சுவரை ஊடுருவி உள்ளே போகும். அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், கேனையும் குடிதண்ணீருக்கு இனி வைக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று என் அம்மா வாதாடினார். கிருமிதான் கொதியில் சாகும், பெட்ரோல் சாகாது.

பூச்சிமருந்து வந்த கேனைப் பத்துத் தடவை கழுவித் தண்ணீருக்கு வைப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். கழுவினால் போகாது. கேனில் ஓட்டை போட்டு உபயோகத்திலிருந்தே எடுத்துவிடுங்கள்.

சூடு முள் சிவப்புக்குப் போய்விட்டது, தண்ணீர் கேன் கையில் இருக்கிறது

தண்ணீர் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்து, ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். குக்கரில் ஆவி அடங்குமுன் மூடியைத் திறப்பீர்களா? ரேடியேட்டரும் அழுத்தத்தில் இருக்கிறது, உள்ளே உள்ளது 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடியைத் திறந்த நொடியில் கொதித்துப் பீய்ச்சும்.

குறைந்தது அரைமணி நேரம். மேல் டியூபைத் தொட்டால் கை பொறுக்க வேண்டும். பிறகு கெட்டித் துணியை மடித்து மூடிமேல் போட்டு, மெதுவாகத் திருப்புங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் வார்ப்பு வெடிக்கும். போர்வெல் தண்ணீர் அவசரத்துக்கு மட்டும். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அண்டாவில் வெள்ளைப் படிவு பிடிக்கும். ரேடியேட்டரின் குழாயில் அதுவே அடைப்பு. ஊர் சேர்ந்ததும் வடித்துவிட்டு கூலன்ட் ஊற்றச் சொல்லுங்கள். ஐந்து லிட்டர் கேன் ஒன்று ரேடியேட்டருக்கு என்று தனியாக இருந்தால் குடிதண்ணீரில் கை வைக்க வேண்டியிராது. குடிக்க, ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் கணக்கு.

வளைவில் கேன் உருளுகிறது, பிரேக் போட்டால் முன்னால் ஓடி வருகிறது

20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதி அரை மீட்டரில் நின்றால், அந்தக் கேன் தன் எடையைப் போல் இருபது மடங்கு விசையோடு சீட்டை இடிக்கும். நானூறு கிலோ: வளர்ந்த எருமை ஒன்று முதுகில் வந்து விழுவது போல. ஆகையால் பின்சீட்டின் முதுகோடு ஒட்டி, கீழே, நிமிர்த்தி வைத்து, நெம்பி இறுக்கிப் பூட்டும் ராட்சட் பெல்ட்டால் கொக்கியில் கட்டுங்கள். நைலான் கயிறு தளரும், பாதி வழியில் இறுக்கிப் பார்க்கவும் வேண்டும். பாதி நிரம்பிய கேன் தளும்பித் தளும்பி எந்தக் கட்டையும் தளர்த்தும். இரண்டு பாதிக் கேனுக்குப் பதில் ஒரு நிறைந்த கேன் நல்லது.

மேற்கூரையில் கட்டுவது படத்தில் அழகாக இருக்கிறது. கொல்லிமலையின் 70 வளைவில் ஏறிப் பாருங்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி சாயப்பார்க்கும். பிக்கப் என்றால் பின்னால், டிரைவர் கேபினை ஒட்டி, மேலே தார்ப்பாய்.

பெரிய கேனைவிட எனக்குப் பயம் ஒரு லிட்டர் பாட்டில்தான். டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்த பாட்டில் இறக்கத்தில் உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் போய் உட்காரும். பெடல் அழுந்தாது. அப்படி ஆனால் குனியாதீர்கள். குதிகாலால் பாட்டிலைப் பக்கவாட்டில் தள்ளப் பாருங்கள், கியரைக் குறைத்துக்கொண்டே ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். இப்போதே எழுந்துபோய் உங்கள் சீட்டுக்கு அடியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

காலிக் கேனில் ஓட்டை, பற்றவைக்கலாமா

நிறைந்த கேனைவிடக் காலிக் கேன் ஆபத்து. நிறைந்ததில் எரியக் காற்று இல்லை. காலியில் அடியில் நாலு சொட்டும், மேலே முழுக்க ஆவியும் காற்றும். வெடிக்க அதைவிட நல்ல கலவை கிடையாது. வெயிலில் கவிழ்த்து வைத்தாலும் சோப்புப் போட்டுக் கழுவினாலும் மடிப்பில் ஒளிந்திருப்பது வெல்டிங் சூட்டில் வெளியே வரும்.

என் பழைய இரும்புக் கேனை ஒரு நாள் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வெல்டிங் தம்பி வாங்கி மோந்து பார்த்தான், அப்படியே என் கையில் திருப்பிக் கொடுத்தான். “புதுசு வாங்கிக்கங்கண்ணா. எனக்கு வர்ற ஆஸ்பத்திரிச் செலவுக்கு நூறு கேன் வாங்கலாமுங்க.”